பொய்ப் பெயர் சொன்ன வழக்கு

அம்மாவின் குற்றப் பதிவை நான் முதன்முதலில் வாசித்தது எங்கள் குசினியில் நின்றபடி, அவருடைய கைபேசியில். நோபல் பார்க் என்ற புறநகருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பராமரிப்பாளர் படிப்பை முடித்து, பயிற்சியையும் அங்கேயே செய்திருந்தார். அவர் வந்தால்தான் குளிக்க எழும்புவேன் என்று அடம்பிடிக்கும் கிழவர்கள்கூட அங்கே உண்டு. மிச்சம் இருந்தது பொலிஸ் செக், அதாவது பழைய குற்றம் ஏதும் உண்டா என்று காட்டும் அறிக்கை மட்டும். அதை அனுப்பினால் அடுத்த ரோஸ்டரில், வேலை முறைப் பட்டியலில், பெயர் வரும்.

வந்த மின்னஞ்சலில் வேலை இல்லை. பொலிஸ் செக்கில் ஒரு வரி இருந்தது: அதிகாரிக்குப் பொய்ப் பெயர் கூறியமை, குற்றவாளியாகத் தீர்ப்புப் பதியப்பட்டது. அதன் கீழே இல்லத்தின் மனேஜர் எழுதியிருந்தார். முன்பு தீர்ப்பு ஏதும் உண்டா என்ற கேள்விக்கு அம்மா ‘இல்லை’ என்று பதில் போட்டிருக்கிறாராம். பழைய குற்றத்தைவிட இந்தப் பதில்தான் தங்களைக் கவலைப்படுத்துகிறதாம். விளக்கம் கிடைக்கும்வரை வேலையை நிறுத்தி வைக்கிறார்களாம்.

“இதென்னம்மா? நீங்கள் பொய்ப் பேர் சொன்னதாம்.”

அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. “அந்த ரயில் வழக்கோ? அது அப்பவே விட்டிட்டினம் எல்லே.”

“விட்டிருந்தா இதில எப்படி வரும்?”

“எனக்கென்ன தெரியும். நீதானே கொம்பியூட்டர் படிச்சனீ.”

கணினி படித்தேன்தான். ஒரு விஷயத்தில் கை வைத்தால் அதன் அடி தெரியும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. ஆனால் அன்று வந்தது ஆர்வமில்லை, கோபம். ஏனென்றால் அந்த ரயில் கதை எனக்குத் தெரியும். நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் வீட்டில் அதைப் பகிடியாகத்தான் சொல்வார்கள்.

ஸ்ரேசனில் இயந்திரம் வேலை செய்யாததால் அம்மாவின் ரயில் அட்டை பதியப்படவில்லை. பரிசோதகர் பிடித்துக்கொண்டு குடும்பப் பெயர் என்னவென்று கேட்டார். கலியாணம் முடித்த எந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணும் சொல்வதைத்தான் அம்மாவும் சொன்னார், புருசனின் பெயரை. பரிசோதகர் அடையாள அட்டையைப் பார்த்தார். அதில் குடும்பப் பெயராக இருந்தது அம்மாவின் தகப்பன் பெயர், ஏனென்றால் ஊரில் பாஸ்போட் எடுத்தபோது எங்கள் முறைப்படி அதைத்தான் முன்னால் போட்டிருந்தார்கள். “இது யார்?” என்றார் அவர். “என்னுடைய அப்பா” என்றார் அம்மா. “அப்படியானால் முதலில் சொன்னது?” “அது கணவர்.” “நான் உன்னுடைய பெயரைக் கேட்டேன்.” உடனே அம்மா தனக்கு வைத்த பெயரை மட்டும் சொன்னார். பரிசோதகரின் கணக்கில் இப்போது மூன்று பெயர்கள். மூன்றும் உண்மை. அவர் மூன்றையும் சேர்த்து ஒரு பொய் என்று எழுதிக்கொண்டார்.

அப்பா அப்போதும் இப்போதும் சிட்னியில், மெரிலேண்ட்ஸில் ஒரு கடையில் வேலை. அதனால் நீதிமன்றத்துக்கு அம்மாவோடு போனவர் எங்களுக்குத் தெரிந்த ஒரு அங்கிள். கோயில் கொமிட்டியில் இருப்பவர். யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் வாசித்துச் சொல்வார். அன்றைக்குக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தாராம். “வழக்காடினால் இழுபடும் தங்கச்சி. குற்றவாளி எண்டு ஒத்துக்கொண்டால் மத்தியானத்துக்குள்ள வீட்ட போயிடலாம்” என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

அம்மா ஒத்துக்கொண்டார். நீதவான், தீர்ப்பைப் பதியாமல், ஒரு வருடம் ஒழுங்காக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார். மொழிபெயர்க்க வந்தவர் சென்னைக்காரர். அதை அவர் “ஒண்ணும் இல்லம்மா, விட்டுட்டாங்க” என்று சுருக்கிவிட்டார். அம்மாவும் அதை நம்பி வீட்டுக்கு வந்து சோறு போட்டார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் தீர்ப்பு இல்லை என்றே எழுதினார். தீர்ப்புப் பதியப்படாததால் சட்டப்படி அது சரியான பதில். சரியான பதிலைச் சொன்னதற்காகத்தான் இப்போது இரண்டாம் தடவையும் பொய்க்காரி ஆகியிருந்தார்.

விஷயம் கேள்விப்பட்டு அங்கிள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, “சின்ன விஷயம். அந்த வேலை போனால் வேற வேலை” என்றார்.

“எங்க போனாலும் இந்த வரி கூட வரும், அங்கிள்.”

“பிள்ளை, எங்கட ஆக்கள் இந்த நாட்டில வழக்காடி வெண்டதாச் சரித்திரமே இல்லை.”

“வழக்காடினாத்தானே வெல்லுறதுக்கு.”

“நீ என்ன லோயரோ?”

“இல்லை. நீங்களும் இல்லை. ஆனா அண்டைக்குக் கோட்டு போட்டுக்கொண்டு நிண்டது நீங்கள்.”

அம்மா குசினிக்குள் இருந்து, “அவருக்குத் தேத்தண்ணி குடுத்துப்போட்டுச் சண்டை பிடி” என்றார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். சீனி போடவில்லை. அவருக்குச் சலரோகம் என்பதால் அதையும் அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

அடுத்த சில நாட்கள் ரயிலில் போகும்போதும் வரும்போதும் சட்டம் வாசித்தேன். எங்கள் மாநிலத்தில் இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. தீர்ப்புப் பதியாமல் விட்ட இப்படியான சிறு குற்றம், நிபந்தனைக் காலம் முடிந்ததும் தானாகவே மறைக்கப்படவேண்டும். சாதாரண பொலிஸ் செக்கில் வரக்கூடாது. சில குறிப்பிட்ட வேலைகளைத் தவிர, யார் கேட்டாலும் அதைச் சொல்லத் தேவையில்லை. அப்படியென்றால் அம்மாவின் பதிவு எப்போதோ மறைந்திருக்க வேண்டும். மறையாததற்கு ஒரே காரணம், ‘பதியாமல்’ என்பதை யாரோ ‘பதிந்து’ என்று ஏற்றியிருக்கிறார்கள். ஒரு சொல். அதைத் திருத்த நீதிமன்றத்தின் மூலப் பதிவின் அத்தாட்சிப் பிரதி வேண்டும்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனேன். கௌண்டரில் இருந்த இளைஞன் மிகவும் பணிவானவன். பணிவு கோபத்துக்கு எவ்வளவு எரிச்சலான எதிரி என்று அன்றைக்குத்தான் கண்டேன். குடும்பப் பெயர் கேட்டான். அட்டையில் இருந்த தகப்பன் பெயரைச் சொன்னேன். தேடினான். அப்படி யாரும் இல்லை. அப்பாவின் பெயரைச் சொன்னேன். இல்லை. அம்மாவின் பெயரையே குடும்பப் பெயராக்கிப் பார்க்கச் சொன்னேன். அதுவும் இல்லை.

“நீங்கள் சரியான நீதிமன்றத்துக்குத்தான் வந்திருக்கிறீர்களா?” என்றான்.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“நீங்கள் குற்றமே செய்யேல்லையாம். ஆளையே காணேல்லையாம்.”

“அப்ப போவம்.”

“அம்மா, பகிடி விடாதேங்கோ.”

“பகிடி இல்லை. சுருக்கி, பிரிச்சுப் பாக்கச் சொல்லு. இவை எங்கட பேரை இறைச்சி மாதிரி வெட்டித்தான் போடுவினம்.”

அம்மாவின் பெயர் நீளமானது, எங்கள் ஊர்ப் பெயர்கள் எல்லாம் போல. நான் அதை நடுவில் இரண்டாக முறித்து, பின் பாதியைக் குடும்பப் பெயர் என்று சொன்னேன். உடனே வந்தது. பிறந்த திகதி, முகவரி எல்லாம் சரி. பெயர் மட்டும் முன் பாதி ஒரு ஆளாகவும் பின் பாதி அந்த ஆளின் குடும்பமாகவும் கிடந்தது. அந்தப் பெயரில் உலகத்தில் யாருமே அம்மாவைக் கூப்பிட்டதில்லை. அவர் அதை எந்த அதிகாரிக்கும் சொன்னதுமில்லை.

 தன்னுடைய மூன்று உண்மையான பெயர்களைச் சொன்னதற்காக ஒரு பெண்ணைக் குற்றவாளி ஆக்கியவர்கள், அந்தக் குற்றத்தை ஒரு பொய்ப் பெயரில் எழுதி வைத்திருக்கிறார்கள். “பொய்ப் பெயர் சொல்வது குற்றம் என்றால், எழுதுவது என்ன?” என்று கேட்டேன்.

“மன்னிக்கவும், என்ன கேட்டீர்கள்?”

“பெயரைப் பிழையாக எழுதினால் உங்களுக்கு யார் வழக்குப் போடுவது?”

“பெயரைத் திருத்த வேறு விண்ணப்பம் இருக்கிறது” என்றான் பணிவாக.

ஆனால் திரையில் இருந்த பதிவில், நீதவான் சொன்னபடியே, தீர்ப்புப் பதியாமல் என்று தெளிவாக இருந்தது. பிழை அங்கிருந்து பொலிஸ் பதிவு அலுவலகத்துக்குப் போன வழியில் நடந்திருக்கிறது. பிரதியை எடுத்து, சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு, திருத்தச் சொல்லி அனுப்பினேன். பிறகு தொலைபேசி. ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் குரல் முதலில் கேட்பது, “உங்கள் அம்மாவின் குடும்பப் பெயர்?” நான் “எது வேணும், உங்களிடம் எது இருக்கு?” என்று கேட்கத் தொடங்கினேன். ஒரு பெண், நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து இணைப்பைத் துண்டித்தாள். இதற்குள் முதியோர் இல்லத்தில் ரோஸ்டர் ஒன்று அம்மாவின் பெயர் இல்லாமல் போய், இன்னொன்றும் போனது. மனேஜர், அடுத்த ரோஸ்டருக்கு மேல் இடத்தைப் பிடித்து வைக்க முடியாது என்று எழுதினார்.

அந்தக் கிழமைதான் திருத்தம் வந்தது. புதிய பொலிஸ் செக் எடுத்தோம். வெளியிடுவதற்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. நான் குசினிக்குள் ஓடினேன்.

“ஒண்டும் இல்லை எண்டு வந்திட்டுது.”

அம்மா கைபேசியை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். “நான் பொய் சொல்லேல்லை எண்டு எங்க எழுதியிருக்கு?”

“அப்படி எழுதமாட்டினம். அது உள்ள இருக்கும். வெளியில காட்டமாட்டினம். பொலிஸ் மட்டும் பாக்கலாம்.”

“அப்ப அழிக்கேல்லை. மூடி வச்சிருக்கினம்.”

“ஓம்.”

“மூடி வைக்கிறதுக்கு நான் என்ன களவெடுத்தனானோ?”

 இவ்வளவு காலமும் நான் எதற்காகச் சண்டை பிடித்தேனோ அது அம்மாவுக்கு வேண்டியது இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இலவசச் சட்ட உதவி நிலையத்தில் விசாரித்தேன். ஒத்துக்கொண்டதை மாற்றக் கேட்பதற்கான காலம் எப்போதோ போய்விட்டது. விசேட அனுமதி கேட்டுப் பார்க்கலாம், நீளும், நிச்சயம் இல்லை, அதற்குள் வழக்கு மறுபடி திறந்தால் செக்கிலும் சிக்கல் வரலாம் என்றார்கள். வேலையா, குற்றமற்றவள் என்ற சொல்லா, ஒன்றுதான். நான் அதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். மெருகு பூசவில்லை.

“வேலை” என்றார் அம்மா. யோசிக்கக்கூட இல்லை. “அப்பாவும் எவ்வளவு காலத்துக்கு சிட்னியில தனியக் கிடக்கிறது.”

மனேஜரைப் பார்க்க நான்தான் காரில் கூட்டிப் போனேன். போகும் வழியெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். “ஒண்டும் சொல்லத் தேவையில்லை. இந்த வேலைக்கு அதைக் கேக்க அவைக்கு உரிமையே இல்லை. சட்டமே அதுதான். செக்கைக் குடுங்கோ, சிரியுங்கோ, வாங்கோ.”

“ஓம், ஓம்.”

மனேஜர் செக்கைப் பார்த்துத் தலையாட்டினார். “நல்லது. கணினியில் ஏதோ குழப்பம் போல. திங்கட்கிழமை தொடங்கலாம்” என்றார். எழும்பிவிட்டோம். நான் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டேன். அம்மா எழும்பியவர் மறுபடி உட்கார்ந்தார்.

“குழப்பம் இல்லை” என்றார், தன்னுடைய ஆங்கிலத்தில், மெதுவாக. “நான் சொல்ல வேணும்.”

நான் தமிழில் “அம்மா” என்றேன், பல்லைக் கடித்தபடி. அவர் திரும்பவில்லை. ரயில், இயந்திரம், புருசன் பெயர், தகப்பன் பெயர், தன் பெயர், கோட்டு போட்ட அங்கிள், வெட்டப்பட்ட பெயர், எல்லாவற்றையும் சொன்னார். மறைக்க நான் நாய்ப்பாடு பட்ட அத்தனையையும் மேசையில் பரப்பி வைத்தார். மனேஜர் நடுவில் சிரிக்கப் பார்த்து, சிரிக்கலாமா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் உதவி ஏதும் இருந்திருக்காது. கடைசியில் அவர் கைகளைக் கோர்த்துக்கொண்டு, “உங்கள் நேர்மையை நான் மிகவும் பாராட்டுகிறேன்” என்றார். திங்கட்கிழமை தொடங்குவது மாறவில்லை.

காருக்குள் வந்ததும் கத்தினேன். எத்தனை கடிதம், எத்தனை தொலைபேசி, எத்தனை நாள் நான் வேலைக்கு லீவு போட்டது என்று. அந்த மனேஜர் மனுசி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. சட்டம் மூடிக் கொடுத்த ஒரே ஒரு கதவையும் நீங்களே திறந்துவிட்டீர்கள் என்று.

அம்மா சீற் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நான் முடிக்கும்வரை இருந்தார். “அவை சொன்னா அது குற்றம். நான் சொன்னா நடந்தது. ஒரு ஆளாவது நடந்ததைக் கேக்க வேணும்.”

“அவ கேட்டதோ? அவ நேர்மை எண்டு பட்டம் தந்தவ, அவ்வளவுதான்.”

“ஓமோம்.” அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். அவர் குரலில் அப்படி ஒரு சூட்டை நான் அதற்கு முன் கேட்டதில்லை. “பயிற்சியிலயே அறுபது கிழவர்மாரைக் குளிப்பாட்டிப்போட்டு வந்தனான். நேர்மையாம். மனேஜரம்மா இப்பதான் கண்டுபிடிச்சவவோ?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் இல்லை. காரை எடுத்தேன்.

“டான்டினோங் கடையள் பக்கம் விடு” என்றார் அம்மா. “வேலைக்கு வழுக்காத சப்பாத்து வேணுமாம், கறுப்பில.”