எண்பது கிலோ பேனர்

இன்று காலை போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் என் படம் போட்ட பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார், ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர்.

“எண்பது கிலோ தூக்கிய சிங்கமே, வரும் ஞாயிறும் வென்று வா!”

போன ஞாயிறுதான் மாற்றுத்திறனாளிகள் பளுதூக்கும் போட்டியில் ஜெயித்தேன். வீல்சேரை நிறுத்தினேன்.

“இந்த வாரப் போட்டிக்குப் போகலண்ணே. தோளுக்கு ஓய்வு வேணும். அடுத்த மாசம் மாநிலப் போட்டி இருக்கு.”

“சூட்டோட சூடா இதையும் தூக்கிற வேண்டியதுதான ஆத்தா? பயந்துட்டியா?”

“நேத்துக் காய் எடுத்த ஏலச்செடியில இன்னைக்கும் ஆள் விட்டு எடுப்பீங்களா?”

“அதெப்புடி? பிஞ்சுதான் கெடக்கும். ஒரு மாசமாவது விடணும்ல.”

“என் தோளையும் அப்படி விடுங்க.”

பேனரை அவிழ்த்தார். அடுத்த மாதம் இதே பேனர்தான். எடையை மட்டும் கூட்டி எழுதச் சொல்லியிருக்கிறேன்.

பயந்துவிட்டாயா என்று கேட்க நினைப்பவர்கள் மாநிலப் போட்டி அன்றைக்கு வந்து கேளுங்கள்.