விறைப்பு தளர்ந்த ஒரு மணி நேரம்

எனக்கு ஒன்பது வயதாகும்வரை அப்பா என்னை இரண்டு கையிலும் ஏந்தித்தான் தூக்குவார். தோளில் உட்கார வைக்க முடியாது. பிறந்ததிலிருந்தே என் கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னி விறைத்திருக்கும். கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்பேன், அவ்வளவுதான் என் வீரம். இராஜாக்கமங்கலம் பக்கம் கடற்கரையில் எங்கள் வீடு. அந்தோணியார் கோயில் திருவிழாவில் சப்பரம் வரும்போது மற்ற பிள்ளைகள் தகப்பன் தோளிலிருந்து புனிதரின் முகத்தைப் பார்க்கும். நான் அப்பா கையில் கிடந்து ஊர்க்காரர்களின் முதுகைப் பார்ப்பேன். அந்தத் தோளுக்கு நான் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல.

நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்களாக இருந்த காலம் அது. எனக்கு ஒன்பது வயதானபோது நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரி டாக்டர் என் இரண்டு தொடைகளின் உட்பக்கத்திலும் மரப்பு ஊசி போட்டார். இது சோதனைக்குத்தான், ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிடும், அதுவரை படுத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் என் முழங்கால்கள் விலகின. அப்பா ஒரு காலை நகர்த்திப் பார்த்தார். மற்றது கூடவே வரவில்லை. டாக்டர் சொன்னதை அந்த இடத்திலேயே மறந்தார். என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு முற்றத்து நாவல் மரத்தை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினார். இலைகள் என் தலையில் தட்டின. மருந்து தெளியத் தெளிய என் கால்கள் அவர் கழுத்தை இறுக்கின. முகம் சிவந்து மூச்சுத் திணறியும் அவர் இறக்கவில்லை. டாக்டர் வந்து திட்டிய பிறகுதான் இறக்கினார்.

அடுத்தது சாராயம் போன்ற ஸ்பிரிட் ஊசி, நரம்பில் போட்டால் மாதக்கணக்கில் தளர்ந்திருக்கும் என்று டாக்டர் விளக்கினார். அப்பா வெகுநேரம் யோசித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கதவப் பிடிச்சாவது நிக்கா இப்பம். அந்த நிப்பும் போயிருமா டாக்டரே?"

போகாது என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது, சில பிள்ளைகளுக்குப் பலம் குறைவதும் எரிச்சல் தங்கிவிடுவதும் உண்டு என்றார் டாக்டர். நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை.

அப்பா அந்த ஊசி வேண்டாம் என்றுவிட்டார். ஊருக்கு வந்ததும் அதற்கு வேறு காரணம் சொன்னார். என் கால் சரியாகவேண்டும் என்று, சாராயத்தைத் தொடமாட்டேன் என அந்தோணியாருக்கு அவர் நேர்ச்சை வைத்திருந்தார். அதே சாராயத்தை என் காலில் ஏற்றினால் நேர்ச்சை முறிந்துவிடுமாம். ஊரே சிரித்தது. குடித்தால்தான் குற்றம், குத்தினால் இல்லை என்று பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து சொன்னார். அப்பா அசையவில்லை.

"பிள்ளைக்க காலவிட ஒமக்கு நேர்ச்ச பெருசா?" என்று அம்மா கேட்டாள்.

அவர் கையிலிருந்த வலையைப் பார்த்துக்கொண்டே, "ஆமா" என்றார்.

அந்த ஆமாவை நான் வெகுகாலம் மன்னிக்கவில்லை. அவர் தூக்க வந்தால் கையைத் தட்டிவிட்டுத் தரையில் தவழ்ந்து போவேன். டாக்டரிடம் அவர் கேட்டதைப் பக்கத்தில் கிடந்து கேட்டவள்தான் நானும். பயந்துபோன ஒரு தகப்பன் அந்தோணியாருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான் என்பது மட்டும் அப்போது எனக்குத் தெரியவில்லை.