மஞ்சள் பூசிய துவக்கு விண்ணப்பம்

போன செவ்வாய்க்கிழமை என் கை ஒரு பிழை செய்துவிட்டது. மூளை அல்ல… கைதான்.

எங்கள் வீட்டை விட்டு வெளியே போகிற எந்த விண்ணப்பத்துக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் பூசி, சாமியறையில் முருகன் படத்துக்கு முன்னால் ஒரு நாள் வைத்துத்தான் அனுப்புவேன். அகதியாகப் பதிந்தது, அம்மாவை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் செய்தது, மகளுக்குப் பல்கலைக்கழகம் கேட்டது – எல்லாமே மஞ்சளோடு போன கடுதாசிகள். உங்கள் வீட்டிலும் இது நடக்கும்தானே?

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் ஒரு விண்ணப்பப் போம் கிடந்தது. வாசித்தும் பார்க்காமல் மஞ்சளைப் பூசி, கொண்டுபோய் வைத்துவிட்டேன். விளக்கைக் கொளுத்திக் கும்பிட்டுக் கண் திறந்தால்… மேலே பெரிய எழுத்தில் கிடக்கிறது. துவக்கு வைத்திருப்பதற்கான லைசென்ஸ்! விண்ணப்பதாரர் – என் வீட்டுக்காரர்!

துப்பாக்கியை எங்கள் ஊரில் துவக்கு என்போம். இந்த வீட்டில் அந்தச் சொல்லை உச்சரித்தே பல வருஷமாகிறது.

"இஞ்சேருங்கோ… இதென்ன?"

தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தவர் தலை நிமிரவில்லை. "பாத்திட்டீர்தானே. மான் வேட்டைக்கு."

"மானுக்கோ? வெள்ளிக்கிழமையில முட்டையும் தொடாத மனுசனுக்கு மான் என்ன செய்தது?"

பிறகுதான் மெல்ல மெல்லக் கதை வந்தது.

மூன்று வாரத்துக்கு முன் எங்கள் வீட்டில் திருட்டு. நாங்கள் இருக்கிற இல்-பிசார் மாதிரி அமைதியான இடத்தில் பட்டப்பகலில் திருடன் வருவான் என்று யார் நினைத்தார்கள்? வெள்ளிக்கிழமை மத்தியானம். நான் கோயிலில். இரவு வேலை முடிந்து வந்து படுத்திருந்தவர், கண்ணாடி உடைகிற சத்தத்தில் எழும்பி மாடிப்படியின் மேலே வந்து நின்றிருக்கிறார். கீழே முகத்தை மூடிய ஒருவன். ஆணியில் தொங்கிய எங்கள் வான் வண்டியின் சாவியை எடுத்தவன், அண்ணாந்து இவரைப் பார்த்து பிரெஞ்சில் "மெர்சி", நன்றி, என்று வேறு சொல்லிவிட்டு வண்டியோடு போனானாம்!

இதைச் சொல்லி எத்தனை பேரோடு சிரித்திருப்பேன். இவரும் கூடச் சிரித்தார். சிரித்தார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவர் வேலை செய்வது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில். அங்கே மார்செல் என்று ஒரு நல்ல மனிதர். இலை உதிரத் தொடங்கினால் தன் தகப்பன் விட்டுப்போன துவக்கோடு காட்டுக்குப் போவார். ஒரு மான் கிடைத்தால் பனிக்காலம் முழுக்க அவர்கள் வீட்டுக்குச் சாப்பாடு. அதில் நான் என்ன குறை சொல்ல? அவரைக் கேட்டுத்தான் இவர் எல்லாம் செய்திருக்கிறார். சனி, ஞாயிறு ஓவர்டைம் என்று என்னிடம் சொல்லிவிட்டுத் துவக்கு வகுப்புக்கும் போய் வந்திருக்கிறார்!

"கள்ளனுக்கெண்டு எழுதினாத் தரமாட்டாங்களாம். அதுதான் மான் எண்டு எழுதினனான்."

"சரி, வாங்கி எங்க வைக்கிறது?"

"பூட்டித்தான் வைக்கோணும். குண்டு போட்டு வைக்கேலாது. அது புறம்பா இன்னொரு பூட்டுக்குள்ள."

"அப்ப கள்ளன் வந்தா, நீங்கள் ரெண்டு பூட்டையும் திறக்குமட்டும் நான் அவனை இருத்தி வைச்சுத் தேத்தண்ணி குடுக்கிறதோ?"

அவர் சிரிக்கவில்லை.

"உமக்குப் பகிடி… அண்டைக்குப் படியில எனக்குக் கால் அசையேல்லை. பதினேழு வயசில வாசலடியில நிண்ட மாதிரியே நிண்டனான். அப்பவும் கையில ஒண்டுமில்லை. இப்பவும் ஒண்டுமில்லை."

அவருடைய பதினேழு வயதில்தான், துவக்கோடு வந்தவர்கள் அவருடைய அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அண்ணன் திரும்பி வரவில்லை. இது எனக்குக் கலியாணம் பேசும்போதே தெரியும். ஆனால், அந்த நேரம் இவர் எங்கே நின்றார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

"மஞ்சளும் பூசீட்டீர். முருகனே ஓம், சரி எண்ட மாதிரி. இனி உம்மட கையெழுத்துத்தான். மனுசி போடுறதுக்கும் ஒரு இடம் கிடக்கு."

பக்கத்தைத் திருப்பினேன். உண்மைதான்! மனைவி கையெழுத்துப் போட ஒரு கோடு. போடாமல் விட்டாலும் அவர்களே மனைவிக்கு அறிவிப்பார்களாம். மனதில் பயமோ கவலையோ இருந்தால் கூப்பிட ஒரு டெலிபோன் நம்பரும் இருந்தது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் வளர்ந்த ஊரில் எத்தனை துவக்குகள் எங்கள் வாசலைத் தாண்டிப் போயிருக்கும்! ஒன்றாவது "பிள்ளை, உனக்குச் சம்மதமோ?" என்று கேட்டதா? இங்கே ஒரு அரசாங்கம், பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவளிடம் கேட்கிறது. துவக்கு வைத்திருப்பது தங்கள் உரிமை என்கிறவர்கள் இந்த நாட்டிலும் உண்டு. மார்செலைப் பார்த்தால் அதில் ஒரு நியாயமும் தெரிகிறது. ஆனால் அதே கூரைக்குக் கீழே படுத்தெழும்புகிறவளுக்கும் சொல்ல ஒரு வார்த்தை இருக்கும் என்று எவரோ யோசித்து அந்தக் கோட்டைப் போட்டாரே… அந்தப் புண்ணியவானுக்காக என் விளக்கில் ஒரு திரி கூடப் போடலாம்.

பேனையை எடுத்தேன். திருப்பி வைத்துவிட்டேன்.

"பதினேழு வயசில உங்கட கையிலயும் ஒண்டு இருந்திருந்தா, வாசலிலயே உங்களைச் சுட்டுப்போட்டெல்லோ போயிருப்பாங்கள்? இப்ப நான் ஆரோட சண்டை பிடிக்கிறது? வெறுங்கையோட நிண்டபடியாத்தானே எனக்குக் கிடைச்சனீங்கள்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். தேத்தண்ணி ஆறி, மேலே ஆடை படர்ந்துவிட்டது. அதையே பார்த்துக்கொண்டு இருந்தவர் சொன்னார்: "அண்ணை போகேக்கை திரும்பிப் பாத்தவர். உள்ளுக்குப் போ எண்டு எனக்குக் கை காட்டினவர்."

கலியாணமான இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சொல்கிறார்.

"அப்ப அண்ணை சொன்னதைத்தானே செய்தனீங்கள்?" என்றேன்.

அழுதார். அழட்டும் என்று பக்கத்தில் இருந்தேன். முருகா, இந்த மனிதனை இவ்வளவு தூரம் கொண்டுவந்து என்னிடம் சேர்த்தாயே, அது போதும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். என் கை செய்த பிழைக்கும் சேர்த்து நன்றி சொன்னேன். மஞ்சள் பூசாமல் விட்டிருந்தால் இந்தக் கதை எப்போது வெளியே வந்திருக்கும்?

சனிக்கிழமை மார்செலும் இவருமாகக் கதவுக்குப் பெரிய பூட்டுப் போட்டார்கள். புது வான் சாவி எங்கே இருக்கிறது என்று இங்கே எழுதமாட்டேன். மெர்சி சொன்னவனுக்குத் தமிழும் வாசிக்கத் தெரிந்திருந்தால்?

அந்தப் போம் போகவில்லை. மஞ்சள் பூசியதைக் குப்பையில் போடவும் மனம் வராமல், முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.

முருகன் கையில் ஏற்கெனவே ஒரு வேல் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அது போதும்.