நின்றால் நடுங்கும் வண்டி

அவளை வீட்டில் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். நின்றுகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே தலை வாருவாள். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவள், வார்டு மேசைக்குப் பின்னால் உட்காரச் சொன்ன மாதமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். பிறகு வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, ஊசி போடுவது, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டி விடுவது என்று தன் பிழைப்பை அமைத்துக்கொண்டாள். அந்த வீடுகள் ஊரின் நாலா மூலையிலும் கிடந்தன. பாதி இடங்களுக்கு பஸ் கிடையாது. அண்ணனின் பழைய கார்தான் அவளுக்குக் கால்.

அந்தக் காருக்குத்தான் இப்போது நேரம் சரியில்லை. சிக்னலில் நின்றால் குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி உதறியது. கொஞ்சம் வேகம் கொடுத்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. நடுத்தெருவில் அணைந்துபோய், பின்னால் வந்தவர்களிடம் அவளுக்கு வசவு வாங்கிக் கொடுத்ததும் உண்டு.

"உன்னை மாதிரியேதான். நின்னா நடுங்குது, ஓடினா சரியாயிடுது" என்றாள் அண்ணி.

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி அவர் பேரில் இருந்தது. மரக்கடையில் மேலாளர்; ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டார்.

"சாயங்காலம் பழைய வண்டி வாங்கறவரைக் கூட்டிட்டு வரேன். அதுக்குள்ள நடுக்கம் நின்னா வண்டி உன்னோடது. நிக்கலைன்னா அவரோடது."

அதோடு விடவில்லை. பக்கத்துத் தெரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் ஜன்னலுக்கு ஆள் வேண்டுமாம், பேசி வைத்திருக்கிறாராம். மின்விசிறிக்கு நேர் கீழே நல்ல நாற்காலி என்றார். அவர் நல்லதை நினைத்துத்தான் சொன்னார். அவளுக்கு அந்த நாற்காலியை நினைத்தாலே மூச்சு முட்டியது.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் ஊரில் இல்லை. பம்பரம் உதிரிபாகக் கடைக்கு ஓடினாள். புது பிளக்குகள், பிளக் ஒயர்கள், ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தாள். பானெட்டைத் தூக்கி, ஒரே மூச்சில் மூன்றையும் மாற்றினாள். பிளக்கை இறுக்கும்போது ஸ்பேனர் ஒரு தடவை சறுக்கி விரல் முட்டியைப் பெயர்த்தது. அதைச் சப்பிக்கொண்டே சாவியைத் திருப்பினாள்.

வண்டி முன்னைவிட மோசமாக உதறியது. இப்போது வேகம் கொடுத்தாலும் உதறல் நிற்கவில்லை. மூன்று காலில் ஓடும் நாயைப் போல நொண்டியது.

அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வீடு பற்றி எரிந்தாலும் ஊசியில் நூலைக் கோத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள் என்று பம்பரம் அவளைக் கேலி செய்வதுண்டு.

"மூணையும் ஒண்ணா மாத்திட்டே. இப்ப எதனால இப்படி ஆச்சு?" என்று தலையைத் தூக்காமல் கேட்டாள் அண்ணி.

இதையே சொல்லி ஆஸ்பத்திரியில் புதுப்பெண்களைப் பம்பரம் வறுத்தெடுத்திருக்கிறாள். மூன்று புது மருந்தை ஒன்றாகக் கொடுத்து, உடம்பெல்லாம் தடித்துவிட்டால் எதன் சட்டையைப் பிடிப்பாய் என்று கேட்டிருக்கிறாள். ஊருக்குத்தான் உபதேசம்.

அப்போது போன் அடித்தது. காலில் ஆறாத புண்ணோடு கிடக்கும் பழைய லாரி டிரைவர். கட்டு நனைந்துவிட்டது, சாயங்காலம் வருவாயா என்று கேட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். எதில் போவது என்றுதான் தெரியவில்லை.

இனிமேல் ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். எஞ்சினுக்கு நாலு சிலிண்டர், நாலு பிளக். வண்டியை அணைத்து, முதல் பிளக்கின் ஒயரைக் கழற்றிவிட்டு, அண்ணியை ஸ்டார்ட் செய்யச் சொன்னாள். வேலை செய்கிற சிலிண்டரை நிறுத்தினால் நடுக்கம் கூட வேண்டும். கூடியது. அணைத்து ஒயரை மாட்டிவிட்டு இரண்டாவது. அதற்கும் கூடியது. மூன்றாவதைக் கழற்றியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இருந்தும் இல்லாததுபோல் இருந்தது அதுதான்.

உடனே பிளக்கைத் திருகப் போனாள். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொதிக்குதுடி. ஆறட்டும்."

"நேரமில்ல அண்ணி."

"கை வெந்துபோனா ஊசியை வாயாலயா போடுவே?"

எஞ்சின் ஆறும்வரை பம்பரம் வாசல் கேட்டுக்கும் காருக்குமாக நடந்துகொண்டிருந்தாள். வெயில் மதிலைத் தாண்டிப் போவதைப் பார்த்தாள். பானெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் பிளக் வெளியே வந்தது. அதன் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போல ஒரு விரிசல். ஸ்பேனர் சறுக்கிய இடம். அவள் அவசரம்தான் அதை உடைத்திருந்தது. பழைய பிளக்கைத் துடைத்து, இந்த முறை முதலில் கையாலேயே திருகிப் பிறகு அளவாக இறுக்கினாள்.

நொண்டல் போய்விட்டது. ஆனால் பழைய நடுக்கம் அப்படியே இருந்தது. நின்றால் உதறல், வேகம் கொடுத்தால் சரி. புது ஒயரும் புது ஃபில்டரும் ஒன்றும் செய்யவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட, பூதத்தை விரட்டிவிட்டு மறுபடியும் கிணற்றங்கரையில் நின்றாள்.

ஓடும்போது சரி, நிற்கும்போது மட்டும் கோளாறு. அப்படியானால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. நிற்கும்போது எஞ்சின் கொஞ்சமாகத்தான் மூச்சு இழுக்கும், அப்போது சின்ன ஓட்டைகூடப் பெரிதாகத் தெரியும். மெக்கானிக் ஒருமுறை சொன்னது. சரி, மூச்சுக் கோளாறு என்றால் அது அவள் தொழில்தானே.

பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து, நெஞ்சில் வைக்கும் வட்டத்தைக் கழற்றினாள். கூந்தலை முடிந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓடும் எஞ்சினின் மேல் குழாயின் நுனியை மெதுவாக நகர்த்தினாள். ஒரே தடதடப்பு. அவசரப்படாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கார்புரேட்டருக்குக் கீழே, விரல் தடிமன் ரப்பர் குழாய் ஒன்று எஞ்சினோடு சேரும் இடத்தில் உஸ்ஸென்று கேட்டது. அந்த இடத்தை விரலால் அழுத்தினாள். நடுக்கம் நின்றது. விரலை எடுத்தாள். திரும்ப வந்தது.

"அண்ணி, கத்தரிக்கோல்."

குழாயின் நுனி மட்டும்தான் வெடித்திருந்தது. வெடித்ததை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டினாள். மட்டுமட்டாக எட்டியது. குழாயைப் பிடிக்கும் கவ்வியை இறுக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலில் இன்னொரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

அண்ணனும் வாங்க வந்தவரும் இறங்கினார்கள். பம்பரம் சாவியைத் திருப்பினாள். கார் நின்ற இடத்தில் நடுங்காமல் சீராக உறுமியது. வந்தவர் பானெட்டில் கையை வைத்துப் பார்த்தார், குனிந்து கேட்டார். அவர் முகம் மலர்ந்தது. இவ்வளவு நல்ல வண்டி என்று நினைக்கவில்லை, பேசியதற்கு மேலேயே தருகிறேன் என்றார். அண்ணன் கண்ணிலும் ஒரு ஆசை வந்து போனது.

"நல்ல விலை வரும்போது..." என்று அவர் ஆரம்பித்தார்.

"காலையில என்ன சொன்னீங்க?" என்றாள் அண்ணி படியிலிருந்து.

அண்ணன் பிடரியைத் தேய்த்துக்கொண்டார். அதற்குமேல் நிற்க பம்பரத்தால் முடியவில்லை. மருந்துப் பையைப் பக்கத்து இருக்கையில் போட்டுவிட்டு, வந்தவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஐயா, உங்க வண்டி வழியில நிக்குது. கொஞ்சம் நகத்துங்க. அங்க ஒரு கால் எனக்காகக் காத்துட்டிருக்கு."

வந்தவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பெருமூச்சு விட்டு, கேட்டின் மற்றொரு கதவையும் திறந்துவிடப் போனார்.