மெஹராஜ் கொடுத்த அனுமதி

மும்பை தாராவியில் ஜீன்ஸ் தைக்கும் பட்டறை ஒன்றில் நூல் பிசிறு வெட்டுகிறவள் மெஹராஜ். மகள் அஸ்ரினைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்த அன்று, எல்லாத் தாய்மாரும் சொல்வதுபோல அவளும் டீச்சரிடம் சொன்னாள்: "அடிச்சுப் படிக்க வைங்க டீச்சர். ஏன்னு கேக்க மாட்டேன்." அதை மரியாதை என்றுதான் நினைத்திருந்தாள்.

நான்காம் வகுப்பில் ஒருநாள் அஸ்ரின் சோற்றைப் பிசைய முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அதே டீச்சர் இரும்பு ஸ்கேலின் விளிம்பால் அடித்ததில் விரல் முட்டிகள் கறுத்து வீங்கியிருந்தன.

மறுநாள் மெஹராஜ் வேலைக்குப் போகாமல் பள்ளிக்குப் போனாள். பிள்ளைகளை விட வந்த பெண்கள் கேட்கும்படியே டீச்சர் சிரித்தாள்.

"அடிக்கச் சொன்னதே நீங்கதானே? இப்ப வந்து நியாயம் கேக்கிறீங்க!"

"அடிக்காட்டா இதுகள்லாம் எங்க உருப்படப் போவுது?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"சொன்னேன் டீச்சர். புத்தியில்லாமச் சொல்லிட்டேன். இனி எம்புள்ள மேல கை வைக்காதீங்க."

"சரி, தொடவே மாட்டேன்."

சொன்னபடியே தொடவில்லை. ஒரு வாரம் கழித்து மெஹராஜ் மகளிடம் கேட்டாள்.

"இப்ப டீச்சர் அடிக்காவளா?"

"இல்லம்மா. கடைசி பெஞ்சுல தனியா உக்கார வச்சிருக்காவ. கேள்வியும் கேக்க மாட்டாவ. யாரும் என்கிட்ட பேசக் கூடாதாம்." அஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டாள். "நீ வந்து அடிக்கவே சொல்லிரும்மா."

மறுநாள் காலையில் மெஹராஜ் டீச்சரைப் பார்க்காமல் நேரே ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனாள்.