சேற்றுக்கு வாங்கிய டயர்

எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் கூட. என் மனைவியைக் கேட்டால், கொஞ்சம் என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லுவாள். ஆனால் டயர் விஷயத்தில் நான் பிடித்த பிடிக்கு ஒரு காரணம் இருந்தது.

சண்டைக்காலம் அது. பன்விலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டீமேக்கர், தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பு. தொழிற்சாலையிலிருந்து தார் ரோட்டுக்கு இறங்க மூன்று மைல் மண் பாதை. மழை பிடித்தால் அது பாதையில்லை, கூழ். முதல் பிள்ளைக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டபோது, என் பழைய ஃபோர்வீல் ஜீப் இரண்டாம் வளைவில் புதைந்தது. நாலு சக்கரமும் சுற்றின, வண்டி அசையவில்லை. ரோட்டு டயர் போட்டிருந்தேன். அதன் வரிகளுக்குள் சேறு அடைத்துவிட்டால் பிறகு அது வெறும் உருளைதான். தொழிலாளர் லயத்துச் சனம் வந்து கயிறு கட்டி இழுத்து, கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மூன்று மணித்தியாலம் பிந்திவிட்டது. பிள்ளை தங்கவில்லை. பிந்தியதால்தான் என்று டொக்டர் சொல்லவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதனால் அவள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், மடவளையில் டயர்க் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம்தான் முதலில் போனேன். அவர் மூன்று டயர்களை உருட்டி வந்து சுவரில் சாத்தினார்.

"இது ரோட்டு டயர், சத்தமே வராது. இது ரெண்டுக்கும் பொது. இது சேத்து டயர். கட்டை கட்டையா இரிக்கி, பாருங்க. எடைவெளி பெருசு, சுத்தச் சுத்தச் சேறு தன்னால கழண்டு விழும்."

மூன்றாவது டயரின் இடைவெளிக்குள் பெருவிரலை விட்டுப் பார்த்தேன். முழுதாக உள்ளே போனது. இதைத்தான் போடுவேன் என்றேன்.

"விக்கிற ஆள் வேணாம்னு சொல்லப்படாது. ஆனா இதப் போட்டா ஐயாட ஜீப்பு, ஆமி ஜீப்பு மாதிரி நிக்கும். ரோட்டுல இரைச்சல் வேற. நடுவுல உள்ளத எடுங்க. மழைக்குச் சங்கிலி சுத்திக்கலாம்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "உங்கட வீட்டுப் பொம்பிளைக்கு எண்டா நடுவில உள்ளதையா போடுவீங்கள், நானா?" என்று கேட்டுவிட்டேன். பாவம் மனிதர். நாலையும் பூட்டி, காற்றையும் அளந்து அடித்துவிட்டார்.

வீட்டில் என் மனைவி ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட அடையாள அட்டையில பிறந்த இடம் என்னெண்டு கிடக்கு?"

"யாழ்ப்பாணம்."

"அப்ப இந்த டயரைப் பற்றி ஆமிச் சென்றியில கேட்டா என்ன சொல்லுவீங்கள்?"

"தோட்டத்துப் பாதைக்கெண்டு சொல்லுவன். உண்மைதானே."

"உண்மையைச் சொன்னா விடுவாங்கள் எண்டா, பிறகேன் சென்றி?"

மடவளை தாண்டியதும் ஆமிக்காரர் வண்டிகளை மறித்துச் சோதிக்கும் ஒரு சென்றி இருந்தது. என்னிடம் அதற்கு ஒரு யோசனையும் இருந்தது. டீமேக்கருக்கு மாதா மாதம் கிடைக்கும் தேயிலையில் அங்கே நிற்கும் சிப்பாய்களுக்குச் சிறு பொட்டலங்கள் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை இல்லாவிட்டாலும் அந்த வழியால் போய் வந்தேன். முகமும் டயரும் அவர்களுக்குப் பழகட்டும் என்று. இரண்டு மாதத்தில் அங்கே நின்ற சார்ஜன்ட் டயரைப் பார்த்து என்னை "டிரக்டர் மாத்தயா", அதாவது டிராக்டர் ஐயா, என்று கூப்பிடத் தொடங்கினார். வீட்டுக்கு வந்து அதை எத்தனை தரம் சொல்லிப் பெருமையடித்தேன் என்று கணக்கில்லை.

அவளுக்கு வலி கண்டது நல்ல மழையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். டயர் என்றால் அதுதான் டயர். மூன்று மைலும் ஓரிடத்தில் கூட வழுக்கவில்லை. இரண்டாம் வளைவைத் தாண்டும்போது நான் விசிலடித்தேனாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

சென்றியில் நின்றவர்கள் எல்லோரும் புது முகங்கள். பழைய ஆட்களை முந்தின நாள் வடக்குக்கு அனுப்பியிருந்தார்கள். நான் நீட்டிய பொட்டலத்தை ஒரு சிப்பாய் கத்தியால் கீறி, தேயிலையைத் தரையில் கொட்டிப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான். பிறகு குனிந்து டயரைப் பார்த்தான். எந்தக் காட்டுக்குப் போக இந்த டயர் என்று சிங்களத்தில் கேட்டான். நான் மனைவியைக் காட்டினேன். அம்மா போகலாம், பெரிய அதிகாரி வரும்வரை வண்டியும் நீயும் நிற்க வேண்டும் என்றான்.

என் குரல் உயர்ந்தது. அவள் என் கையைக் கிள்ளினாள்.

"வாயை மூடுங்கோ. நீங்கள் கதைச்சா என்னையும் விடமாட்டாங்கள்."

இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் நடந்து, பின்னால் வரிசையில் நின்ற கண்டி பஸ்ஸை மறித்தாள். கொண்டக்டர் யாரையோ எழுப்பி முன் சீட்டைக் கொடுத்தார். பஸ் என்னைக் கடந்து போனது. டயர் எல்லாம் மொட்டை, வரி என்று சொல்ல ஒரு கோடு கூட இல்லை. அது கண்டிக்குப் போய்விட்டது. என் புது டயர்களுக்குப் பக்கத்தில் நின்று நான் அழுதேன். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இந்தப் பிள்ளையும் போனால் அதற்கு என் பிடிவாதம்தான் காரணம் என்று நினைத்தேன்.

தோட்டத்து மனேஜர் துரையின் கடிதம் வந்து என்னை விட மறுநாள் மத்தியானமாகிவிட்டது. ஆஸ்பத்திரிப் படிகளை இரண்டிரண்டாக ஏறினேன். வார்டில் அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். மடியில் பெண் பிள்ளை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நித்திரை. தூக்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"டயருக்கு ஒண்டும் இல்லையே?" என்று கேட்டாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதற்குப் பிறகுதான் பிள்ளையைத் தந்தாள்.