மாட்டுத்தோலும் மஞ்சள் தண்ணியும்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் டூங்கபியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி அயர்லாந்துத் தீவொன்றில் பிறந்தவள். அங்கே வீட்டுக்கு வீடு தங்கள் செருப்பைத் தாங்களே தைத்துக்கொள்வார்களாம். பதனிடாத மாட்டுத்தோலை மயிர் வெளியே தெரிய மடித்து, ஓரத்தில் கயிறு கோத்து இழுத்துக் கட்டினால் ஒரு பம்பூட்டி. அதற்கென்று தனிச் சாதி இல்லையா என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. அந்த விளங்காமை எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே அவளுடைய கராஜில் உட்கார்ந்து ஒரு சோடி தைத்தேன். ஊசி விரலில் ஏறியது, நான் விடவில்லை.

பம்பூட்டி ஈரமாகவே இருக்கவேண்டும், காய்ந்தால் பலகைதான் என்று அவள் சொல்லித்தான் அனுப்பினாள். நானோ நம் வழக்கப்படி வாசலில் கழற்றி வெயிலில் விட்டேன். இரண்டே நாளில் கால் நுழையவில்லை.

அன்று பார்த்துக் கணவரின் அக்கா வந்தார். வாசலில் மயிரோடு கிடந்த தோலைக் கண்டதும் நேரே குசினிக்குள் போய், மஞ்சள் கரைத்து வந்து ஒரு வாளி தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். தீட்டுப் போகவாம்.

"உதை ஆர் தைச்சது?"

"கடையில வாங்கினது, அக்கா," என்றார் என் கணவர், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோலைத் தொட்டதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. எனக்காக இவர் வெட்கப்பட்டதுதான் சுட்டது.

"பொய். நான்தான் தைச்சனான், மச்சாள்."

"எங்கட ஆக்கள் தோல் வேலை செய்யிறேல்லை, தெரியுமோ?"

"எங்கட ஆக்கள் போடுற சப்பாத்து என்ன, மரத்திலயோ காய்க்குது?"

"இனி இந்த வீட்டில பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டன்," என்று மச்சாள் கார்ச் சாவியை எடுத்தார்.

அதற்குள் தோல் தண்ணீரை உறிஞ்சி இளகியிருந்தது. காலில் மாட்டிக்கொண்டு கார்வரை போய் வழியனுப்பினேன். "போட்டு வாங்கோ மச்சாள். நல்லா ஊத்தினீங்கள், இதுக்குத் தண்ணிதான் தேவை."

உள்ளே வந்தால் இவர் முணுமுணுத்தார்: "வாங்கினதெண்டு விட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

நான் பழைய பேப்பர் ஒன்றை நிலத்தில் விரித்து, அவருடைய காலைப் பிடித்து அதன் மேல் வைத்தேன். பென்சிலை எடுத்தேன்.

"அடுத்த சோடி உங்களுக்கு. கோயிலடியில ஆர் கேட்டாலும் என்ர மனுசி தைச்சதெண்டு சொல்லவேணும். சொல்ல ஏலாதெண்டா இப்பவே காலை எடுங்கோ."

அவர் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். காலை எடுக்கவில்லை.